மாயூரம் வேதநாயகம் பிள்ளை

தமிழில் முதல் நாவலை இயற்றியவர் என்ற அளவிலேயே மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களை நம்மிற் பலர் பள்ளிப் பருவத்தில் அறிந்தோம். அப்பெரியார் பசித்தவர்க்குச் சோறிட்ட புண்ணியரும் ஆவார் என்பதை நம் குடும்பத்துச் சிறார்களும் அறிதல் வேண்டும் என்னும் விருப்பால் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கமாக எழுதலானோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாக 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள் இவர் பிறந்தார். கத்தோலிக்கக் குடும்பம். தமிழும் ஆங்கிலமும் செவ்வனே கற்றுத் திருச்சி நீதிமன்றத்தில் பதிவேடு காப்பவராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணிபுரிந்தார். 1857-இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியைத் தொடர்ந்து வகித்தார். வழக்காட வரும் எளிய மக்களுக்குச் சட்டம் விளங்கவேண்டும் என்று கருதி, நீதிமன்றத் தீர்ப்புக்களைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக 1862-இல் வெளியிட்டார். கடமையைக் கடவுட்பணியாகவே கொண்டவர் அவர்.

தம் சமயத்தில் உறுதியுடையவராயினும் அவர் வீட்டு வாயில் எச்சமயத்தார்க்கும் திறந்தே இருந்தது. சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய உயிர்த்தோழர். நண்பர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடத்தும் அவர் பேரன்பு பூண்டு, தமிழ்ப் பாடல்களால் போற்றினார்.

இனி, நாம் சிறப்பாக நினைக்கவேண்டிய பகுதிக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. பல லட்சம் உயிர்கள் மாண்டன. உண்ண ஒன்றுமின்றி மக்கள் ஊர்விட்டு ஊர் அலைந்தனர். அப்போது வேதநாயகர் பதவியில் இல்லை, சம்பளமும் இல்லை. ஆயினும், சேர்த்த பொருளைத் தமக்கும் மக்களுக்குமென்று பூட்டி வைத்தாரில்லை. கஞ்சித் தொட்டிகள் அமைத்துப் பசித்து வந்தோர்க்கெல்லாம் உணவளித்தார். வந்தவரின் சாதியையோ சமயத்தையோ அவர் பொருட்படுத்தவில்லை. வாயிலில் நிற்கும் பசித்தவனிடத்தில் இறைவனைக் காண்பதே கிறிஸ்தவ விருந்தோம்பல். அதுவே தமிழர் விருந்தோம்பலும் ஆகும். நந்தன் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கொடையைக் கண்டு உருகி, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சிவபக்தர் ஒருவர் கிறிஸ்தவரை வாயாரப் பாடிய அச்செய்தி நெஞ்சை நெகிழ்விப்பதாகும்.

பஞ்சத்தின் துயரத்தினூடே உருவானதே 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை. எச்சமயத்தாரும் தத்தம் இறைவனை எண்ணிப் பாடத்தக்க முறையில் அதனை அவர் அமைத்தார். வழிபாட்டு நேரத்தில் மட்டுமன்றி, குடும்பத்திலும் தொழிலிலும் அலுவலகத்திலும் கடவுளை நினைக்கச் செய்வன அப்பாடல்கள். அடுத்த ஆண்டு பிரதாப முதலியார் சரித்திரமும், 1887-இல் சுகுண சுந்தரியும் வெளிவந்தன. பெண்கல்வியை வற்புறுத்திய அவர், மாயூரம் நகரசபைத் தலைவராகவும் தொண்டாற்றி, 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

சயானில் வாழும் நமக்கு இவ்வரலாறு கூறுவது யாது? பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அண்டை வீட்டாருடன் பலகாரம் பரிமாறிக்கொள்கிறோம், மகிழ்ச்சியே. ஆனால் அவர்களெல்லாம் நாம் அறிந்தவர்கள். நமக்குத் திருப்பித் தரக்கூடியவர்கள். பிழைப்புத் தேடி ஊரிலிருந்து வந்து, தாராவியில் ஒண்ட இடமின்றித் திகைக்கும் இளைஞனை நாம் வீட்டுக்கு அழைத்ததுண்டா? நம் பெற்றோரும் பாட்டன்மாரும் ஒருநாள் அவ்வாறு வந்து இறங்கியவர்களே. அன்று யாரோ ஒருவர் இட்ட சோற்றால்தான் நம் குடும்பங்கள் இந்நகரில் வேரூன்றின. அக்கடனைத் தீர்க்கும் வழியை வேதநாயகர் வாழ்ந்து காட்டினார். அவ்வழியில் நாமும் நடப்போமாக!