மின்தடையை அளந்த ஆசான்

அறிவியல் உலகில் தம் பெயரையே ஓர் அளவாக விட்டுச் சென்றோர் சிலரே. அவருள் ஒருவர் ஜியார்ஜ் சைமன் ஓம். நெய்வேலியின் அனல்மின் நிலையங்களை அண்டி வாழும் நாம் இவர்தம் வாழ்வை அறிதல் கடன்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789 மார்ச் 16இல் ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுத் தொழிலாளி. தாமே முயன்று கற்று, தம் மைந்தர்க்குக் கணிதம் கற்பித்தவர். பத்து வயதில் ஓம் தாயை இழந்தார். 1805இல் பல்கலைக்கழகம் புகுந்து, களியாட்டத்தில் காலம் போக்கியதால் தந்தையின் சினத்துக்கு ஆளாகி, மூன்று பருவங்களோடு வெளியேறினார். சுவிட்சர்லாந்தில் ஆசிரியப் பணி ஏற்று, தனியே கணிதம் பயின்று திரும்பி, 1811இல் முனைவர் பட்டம் பெற்றார்.

1817இல் கொலோன் நகரப் பள்ளி ஆசிரியரானார். ஓய்வு நேரங்களில் அப்பள்ளியின் ஆய்வுக்கூடமே அவர் உலகம். அந்நாளைய மின்கலங்கள் நிலையான மின்னழுத்தம் தரவில்லை. எனவே கொதிநீரிலும் பனிக்கட்டியிலும் முனைகளை வைத்த வெப்ப மின்னிரட்டையைக் கையாண்டார். ஒரே தடிமனும் வெவ்வேறு நீளமும் கொண்ட எட்டுச் செப்புக் கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. 1827இல் இம்முடிவுகளை நூலாக்கினார்.

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இதுவே அவ்விதியின் சாரம். அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கினால் திறன் வரும். 230 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும் இஸ்திரிப் பெட்டியின் தடை 46 ஓம். திறன் 1150 வாட். கம்பியில் ஓட்டம் இருமடங்கானால் வெப்பமாய் வீணாகும் திறன் நான்கு மடங்காகும். மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் தொலைவூர்களுக்கு அனுப்புவது இவ்விழப்பைக் குறைக்கவே.

எனினும் தாயகம் அவரை உடனே போற்றவில்லை. கணிதம் மிகுந்த அந்நூலைப் பலர் புறக்கணித்தனர். மனம் நொந்த ஓம் 1828இல் கொலோன் பணியைத் துறந்தார். 1833இல் நூரம்பர்க் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் கிடைத்தது. 1841இல் இலண்டன் இராயல் கழகம் காப்லி பதக்கம் அளித்தது. இளமை முதல் விரும்பிய பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1852இல் மியூனிக்கில் கைகூடியது. 1854 சூலை 6இல் அவர் மறைந்தார். 1881இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாடு மின்தடை அலகுக்கு அவர் பெயரை ஏற்றது.

அளவையிலும் நிறுவையிலும் நேர்மை காக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கின்றது. ஓம் காத்ததும் அந்நேர்மையே. புகழ் வரும் வரை அவர் அளவையைத் திரிக்கவில்லை. புறக்கணிப்பு வந்தபோதும் கைவிடவில்லை.

ஆயினும் மின்மானியில் தோன்றாத அளவொன்றும் உண்டு. 2023 சூலையில் நெய்வேலியை அடுத்த வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்தின் பொருட்டு, நெற்பயிர் நின்ற வயல்களினூடே கால்வாய் வெட்டப்பட்டது. உழவர் கண்ணீர் வடித்தனர். பழுப்பு நிலக்கரியிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு வாட்டுக்கும் அடியில் ஒருவர் நிலம் இருக்கின்றது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கக் கற்ற மாணவர், அவ்விலையையும் கணக்கில் சேர்த்து, வீணே எரியும் விளக்கை அணைப்பாராக. ஓமின் நினைவுக்கு நாம் செய்யும் தகுந்த கைம்மாறு அதுவே.