நீரழுத்த யந்திரம் கண்ட ஜோசப் பிராமா

இங்கிலாந்தின் யார்க்ஷயரில் 1748-ம் வருஷம் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர் ஜோசப் பிராமா. வாலிபத்தில் காலில் அடிபட்டு வயல் வேலைக்கு உதவாமற் போகவே, தச்சுத் தொழில் கற்று லண்டன் சேர்ந்தார். 1784-ல் அவர் உரிமை பெற்ற பூட்டு பெரும் புகழடைந்தது.

1795-ல் நீரழுத்த யந்திரத்திற்கு உரிமை பெற்றார். சிறு பம்பினால் நீரைத் தள்ளிப் பெரிய உருளையிலுள்ள தண்டை உயர்த்துவது அதன் முறை. தள்ளிய நீர் திரும்பாமல் வால்வு தடுக்கும். ஆனால் தண்டைச் சுற்றிய இடுக்கில் நீர் பீறிட்டது. இறுக்கிக் கட்டினால் ஒழுக்கு நின்றது. தண்டும் அசையாது நின்றது.

இச்சிக்கலைத் தீர்த்தவர் அவருடைய பட்டறை ஆள் ஹென்றி மாட்ஸ்லே என்பர். மடித்த தோல் வளையம் ஒன்றை அவர் வைத்தார். அழுத்தம் ஏறினால் நீரே மடிப்பினுள் புகுந்து தோலைத் தண்டோடு இறுக்கும். குறைந்தால் தோல் தளரும். தோல் உலர்ந்து வெடித்தாலும், வால்வின் வாயில் மணல் தங்கினாலும் யந்திரம் பலமிழக்கும். ஆகவே இவ்விரண்டையும் அடிக்கடி பார்த்து, துடைத்து, தேய்ந்ததை மாற்ற வேண்டும். இன்று தோலுக்குப் பதில் ரப்பர் வந்தும் இவ்விதி மாறவில்லை.

வாரம் 30 ஷில்லிங் பெற்ற மாட்ஸ்லே 1797-ல் கூலி உயர்வு கேட்டார். பிராமா மறுத்தார். மாட்ஸ்லே விலகித் தனிப் பட்டறை வைத்து, அந்நாட்டின் தலைசிறந்த யந்திர நிபுணர்களில் ஒருவரானார்.

தம் யந்திரத்தால் மரங்களைப் பிடுங்கும் வேலையை மேற்பார்த்தபோது குளிர் கண்டு, 1814 டிசம்பரில் பிராமா காலமானார்.

தோல் வளையம் சிறியதுதான்; அது போனால் பெரிய யந்திரமும் நின்றுவிடும். நம் கடையில் அத்தகைய ஆள் யாரென அறிந்து, அவர் கேட்குமுன் கொடுப்பது முதலாளிக்கு லாபமேயன்றி நஷ்டமன்று.