ருடால்ப் டீசல்

பேருந்துகளுக்கும் சரக்குந்துகளுக்கும் ஊற்றப்பெறும் டீசல் என்னும் எண்ணெய், ஓர் அறிஞரின் பெயரைத் தாங்கி நிற்பதைப் பலர் அறியார். அவரே செருமானியப் பொறியியலறிஞராகிய ருடால்ப் டீசல் ஆவார்.

டீசல் 1858ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18ஆம் நாள், பாரிசு மாநகரில் செருமானியப் பெற்றோர்க்கு மகனாகப் பிறந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. அதனால் அக்குடும்பத்தார் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவராகிய டீசல், கல்வியின் பொருட்டுச் செருமனியிலுள்ள ஆக்சுபர்க்கு நகரில் உறவினர் இல்லத்திற்கு அனுப்பப்பெற்றார்.

பின்னர் மியூனிக்கு நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் லிண்டே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். நீராவிப் பொறி, நிலக்கரி தரும் வெப்பத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே வேலையாக்குகிறது என்றும், எஞ்சியது வீணே கழிகிறது என்றும் அவர் அங்கே கற்றார். அவ்வீணைக் குறைத்தல் இயலாதோ என்னும் வினா அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது.

காற்றை மிக அழுத்தினால் அது கடுஞ்சூடேறும். அதனுள் எண்ணெயைப் பீச்சினால், தீப்பொறியின்றியே அது பற்றி எரியும். இம்முறையில் இயங்கும் பொறியொன்றை ஆக்சுபர்க்கு இயந்திரச் சாலையில் அவர் உருவாக்கலானார். 1893இல் நிகழ்ந்த முதற் சோதனையில் அளவுகருவி வெடித்துச் சிதறிற்று. டீசல் உயிர் தப்பினார். ஆயினும் முயற்சியைக் கைவிட்டாரல்லர். 1897ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17ஆம் நாள், சுரோட்டர் என்னும் பேராசிரியர் அப்பொறியை அளந்தாய்ந்து, அது நூறு பங்கு வெப்பத்தில் 26 பங்கை வேலையாக்குவதைக் கண்டார்.

புகழும் பொருளும் டீசலை வந்தடைந்தன. எனினும் வழக்குகளாலும் நோயாலும் கடனாலும் அவர் நலிந்தார். 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29ஆம் நாளிரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலிருந்து மறைந்தார்; சின்னாள் கழித்து அவருடல் கடலிற் காணப்பட்டது.

இன்றைய டீசல் பொறிகளுட் சிறந்தவை வெப்பத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கிற்கு மேலும் வேலையாக்க வல்லவை. ஆயினும் அவை கக்கும் கரித்துகளும் நச்சுவளிகளும் காற்றை மாசுபடுத்துகின்றன. மின் ஊர்தியோ, தான் பெறும் மின்னாற்றலில் ஏறக்குறைய முக்காற் பங்கைச் சக்கரங்களுக்கு அளிக்கின்றது. ஓடுங்கால் புகை விடுவதில்லை. எனினும் அம்மின்சாரம் நிலக்கரியால் விளைந்ததாயின், வெப்பத்தின் பெரும்பகுதி அனல்மின் நிலையத்திலேயே கழியும். புகையும் அங்கே எழும். காற்றாலோ கதிரொளியாலோ விளைந்ததாயின் அக்குறை பெரிதும் நீங்கும். ஆதலின், ஆற்றல் பிறக்குமிடம் முதல் சக்கரம் வரை கணக்கிட்டே ஊர்திகளை ஒப்பிடல் வேண்டும்.

எரிந்தது எவ்வளவு, பயன்பட்டது எவ்வளவு என்று மாணவப் பருவத்தில் டீசல் எழுப்பிய வினா, இன்று அவர் கண்ட பொறிக்கும் உரைகல்லாய் விளங்குகின்றது.