உலுக்காத வண்டி செய்த லான்செஸ்டர்

அம்பத்தூர், ஆவடி பக்கத்து மோட்டார் பட்டறைகளுக்கு இப்பொழுதெல்லாம் ஒரு விசித்திரமான கோரிக்கை வருகிறது. புதுக் கார் வாங்கிய வாலிபர்கள், வண்டி தரையோடு தரையாகப் படிந்து பந்தயக் கார் மாதிரி தோன்ற வேண்டும் என்கிறார்கள். கம்பெனி போட்ட ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங்கை மாட்டிக்கொள்கிறார்கள். இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்தெடுத்து விடும் துணிச்சல்காரர்களும் உண்டு. பூந்தமல்லிக்கு ஒரு நடை போய்த் திரும்பினால் போதும், முதுகெலும்பு கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடும்.

வண்டி தாழவும் வேண்டும், உலுக்கவும் கூடாது என்றால் வழி உண்டா? இதை யோசிக்கும்போது பிரெடரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேய மேதையின் நினைவு வராமல் போகாது. காரில் போகிற மனிதனின் சௌகரியத்தைக் கணக்காகப் போட்டுப் பார்த்த முதல் சிலரில் அவரும் ஒருவர்.

1868-ஆம் வருஷம் அக்டோபர் 23-ந் தேதி லண்டனில், ஒரு கட்டடக் கலைஞரின் மகனாக அவர் பிறந்தார். கல்லூரியில் படித்தாரே தவிர, பட்டம் எதுவும் பெறவில்லை. 20 வயதில் பர்மிங்ஹாமில் ஒரு காஸ் எஞ்சின் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்தது. வேலை ஒப்பந்தத்தில், அவர் கண்டுபிடிக்கும் அபிவிருத்திகள் எல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒரு ஷரத்து இருந்தது. லான்செஸ்டர் பேனாவை எடுத்து அந்த ஷரத்தை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். வேலை தேடி வந்த இளைஞனுக்கு இருந்த துணிவைப் பாருங்கள்!

1896-ல் அவருடைய முதல் கார் சாலையில் ஓடியது. ஒற்றை சிலிண்டர், ஐந்து குதிரைச் சக்தி. வண்டி ஓடியது, ஆனால் எஞ்சின் அதிர்ந்த அதிர்ச்சி அவருக்குப் பிடிக்கவில்லை. உடனே இரண்டு சிலிண்டர்களை எதிரெதிராகப் படுக்கவைத்து, எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு தண்டுகளோடு வேறோர் எஞ்சின் செய்தார். ஒன்றின் குலுக்கலை மற்றொன்று விழுங்கிவிட்டது.

அடுத்தது ஸ்பிரிங். அந்த நாளில் காருக்குக் குதிரை வண்டியின் பட்டை ஸ்பிரிங்கைத்தான் போட்டார்கள். அச்சைப் பிடித்துக்கொள்வதும் அதுவே, பள்ளத்தில் வளைந்து கொடுப்பதும் அதுவே. பிடிப்புக்காக அது விறைப்பாக இருக்க வேண்டியிருந்தது. லான்செஸ்டர் இரண்டு வேலையையும் பிரித்தார். அச்சைப் பிடிக்கத் தனிக் கம்பிகள். எடையைத் தாங்க நீண்ட, மெதுவான ஸ்பிரிங்.

எவ்வளவு மெதுவாக? இங்கேதான் அவருடைய புத்தி வேலை செய்தது. மனிதன் பிறந்து ஒரு வயதிலிருந்து நடக்கிறான். நடக்கும்போது அவன் உடம்பு ஒரு தாளத்தில் ஏறி இறங்குகிறது. அந்த ஆட்டம் அவனை வருத்துவதில்லை. ஆகவே காரும் மனித நடையின் தாளத்திலேயே ஆடட்டும் என்று அவர் தீர்மானித்தார். இன்றைய சாதாரணக் கார்களும் நிமிஷத்துக்கு 60 முதல் 90 ஆட்டம் வரை ஆடுமாறுதான் அமைக்கப்படுகின்றன.

இதற்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. வண்டியின் எடையில் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தால் 300-ஐ வகுத்தால், நிமிஷத்துக்கு எத்தனை ஆட்டம் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். 16 சென்டிமீட்டர் அமுங்கினால் 75 ஆட்டம். ஸ்பிரிங்கை இரண்டு மடங்கு விறைப்பாக்கினால் 8 சென்டிமீட்டர்தான் அமுங்கும். ஆட்டம் 106 ஆகிவிடும். நடை போய் ஓட்டமாகிவிட்டது!

வண்டியைத் தாழ்த்துகிறவர் அகப்பட்டுக்கொள்வது இந்தக் கணக்கில்தான். தாழ்த்தினால் சக்கரம் மேலெழும்ப இடம் குறைகிறது. அடி மோதாதிருக்க ஸ்பிரிங்கை விறைப்பாக்க வேண்டியிருக்கிறது. விறைப்பான ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக் அப்ஸார்பர் ஈடு கொடுக்காது; வண்டி துள்ளும். அளவுக்கு மீறி இறுக்கமான ஷாக் அப்ஸார்பரைப் போட்டாலோ, சின்னக் கல்லும் நேராக ஆசனத்துக்கு வந்து சேரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தாழ்வோடு ஆசையை நிறுத்தி, விறைப்பைக் கொஞ்சமே கூட்டி, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்ஸார்பரையும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஜோடியாக வாங்குகிறவர் பிழைத்துக்கொள்வார். டயரின் பக்கச் சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். அழகுக்காகப் பெரிய சக்கரமும் மெல்லிய டயரும் மாட்டினால் அந்த உதவியும் போய்விடும். அறுத்த ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுற்று குறையக் குறைய விறைப்பு ஏறும். போதாததற்கு, வண்டி எம்பும்போது அது இருப்பிடத்தை விட்டு நழுவும் அபாயமும் உண்டு.

ஆவடியில் உருவமைத்த அர்ஜுன் டாங்கிக்கே வாயு அழுத்தத்தில் இயங்கும் மெத்தென்ற ஸ்பிரிங் அமைப்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள். காரை மரக்கட்டையாக்கிக்கொள்வானேன்?

லான்செஸ்டர் கதைக்கு வருவோம். 1899 டிசம்பரில் சகோதரர்களுடன் சேர்ந்து கார்க் கம்பெனி ஆரம்பித்தார். வண்டிக்குக் கிராக்கி இருந்தது, முதல்தான் போதவில்லை. 1904-ல் கம்பெனி கடன்காரர்கள் சார்பில் நியமிக்கப்பட்ட நிர்வாகியின் கைக்குப் போயிற்று. பிறகு புதுப் பெயரில் எழுந்தது; ஆனால் அவருடைய செல்வாக்குக் குறைந்துகொண்டே வந்தது. 1909-ல் டெய்ம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். சில வருஷங்களில் தம் பெயர் தாங்கிய கம்பெனியை விட்டே விலகினார். நம் நாட்டு மகாராஜாக்களுக்கு அந்தக் கார் மீது மோகம் இருந்தது. கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி, நவாநகர் ஜாம் சாகேபாக இருந்தபோது பல லான்செஸ்டர் கார்களை வைத்திருந்தார்.

அவர் முன்கூட்டியே கண்டவை கொஞ்சமல்ல. இன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் தட்டு பிரேக்குக்கு 1902-லேயே உரிமைப் பத்திரம் வாங்கினார். அது பரவ அரை நூற்றாண்டு ஆயிற்று. நம் பாடியில் பிரேக் தொழிற்சாலை ஏற்பட்டது 1962-ல்தான். விமானம் எப்படிப் பறக்கும் என்று அவர் எழுதிய கட்டுரையை 1897-ல் அறிஞர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து அவரே அதைப் புத்தகமாக்கினார். 1922-ல் ராயல் சொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிக்கொண்டது.

கௌரவம் வந்தது, பணம் வரவில்லை. 1919-ல் மணம் செய்துகொண்ட அவருக்குக் குழந்தைகள் இல்லை. டெய்ம்லர் உத்தியோகமும் போன பிறகு வருமானம் சுருங்கிற்று. 1934-ல் பார்க்கின்ஸன் வியாதி கண்டு உடம்பு நடுங்கத் தொடங்கியது. எஞ்சினின் நடுக்கத்தை நிறுத்திய மனிதருக்கு இப்படி ஒரு வியாதி! கண் பார்வையும் மங்கியது. பர்மிங்ஹாமில் தாம் இருந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கே பிறர் உதவியை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. 1946 மார்ச் 8-ந் தேதி, 77-வது வயதில், அந்த வீட்டிலேயே அவர் காலமானார்.