இலவசக் கல்வியின் தந்தை

யுத்தம் முடிந்த வருஷங்களில் மாத்தளைத் தோட்டங்களிலும் டவுனிலும் அரிவரி படித்த நாம், சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவை நேரில் கண்டதில்லை. 1884இல் அம்பலாங்கொடைக்கு அருகே ரன்தொம்பேயில் பிறந்தவர். புலமைப்பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரியில் படித்தவர். 1931 முதல் கல்வி மந்திரி.

1945இல் அவர் கொண்டுவந்த இலவசக் கல்வி, பெண்பிள்ளைக்குப் பணம் கட்டுவதா என்று தயங்கிய வீடுகளின் கதவைத் திறந்தது. அதனாலேயே நம்மில் பலர் டவுன் பாடசாலைக்கு வந்தோம். 1947 தேர்தலில் அவர் தோற்றார், 1969இல் மறைந்தார்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை ஆயிற்று. அங்கே நம்மோடு படித்து, ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடை சுமக்கப் போன தோழியரையும், அவர்களுக்காகக் கண்கலங்கிய ரீச்சர்மாரையும் இந்த நூற்றாண்டு மலரில் அவரோடு சேர்த்தே நினைக்கிறோம்.