மார்கன் வீட்டு மேஜை ஏன் எரிந்தது? எடிசனும் வீட்டு ஒயர் ஜாயின்ட்டும்

எட்டயபுரத்தில் பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11-ல். அதற்கு மூணு மாசம் முன்னாடி, செப்டம்பர் 4-ம் தேதி, நியூயார்க்கின் பேர்ல் தெருவில் தாமஸ் ஆல்வா எடிசனின் மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. முதலில் எரிந்தது சுமார் 400 விளக்குகள்தான். பாரதியின் அப்பா சின்னசாமி ஐயரும் இயந்திரப் பித்து உள்ளவர்தான். எட்டயபுரத்திலேயே பருத்தி ஆலை வைத்து நொடிந்துபோனார். எடிசனுக்குக் கிடைத்த மாதிரி பணம் போட ஆள் கிடைத்திருந்தால் கதை வேறயா இருந்திருக்கலாம்.

எடிசன்னா பல்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பல்பு வரைக்கும் கரன்ட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அதைவிடப் பெரிய வேலை.

1847 பிப்ரவரி 11-ல் ஓஹையோ மாநிலத்தின் மிலன் என்ற சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது சில மாசம் மட்டும். சின்ன வயசிலேயே ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றார். காது சரியாகக் கேட்காது. பிறகு தந்தி ஆபரேட்டர் வேலை. ஒயர், பேட்டரி, இணைப்பு எல்லாம் கைப்பழக்கமானது அங்கேதான். 1876-ல் மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம், 1877-ல் போனோகிராஃப், 1879-ல் பல்பு.

நியூயார்க்கில் அவர் கம்பத்தில் ஒயர் இழுக்கவில்லை. தெருவைத் தோண்டிப் புதைத்தார். 20 அடி நீள இரும்புக் குழாய்க்குள் செம்புக் கம்பி, சுற்றிலும் தார் கலந்த காப்புக் கலவை. ஒவ்வொரு குழாயும் அடுத்ததோடு சேரும் இடத்தில் ஒரு பெட்டி. நம்ம வீட்டு ஜங்ஷன் பாக்ஸுக்குத் தாத்தா என்று சொல்லலாம். தொந்தரவு வந்ததும் அந்தப் பெட்டிகளில்தான். நாசோ தெருவும் ஆன் தெருவும் சேரும் முனையில் ஒரு பெட்டியில் ஈரம் இறங்கி, கரன்ட் கசிந்து, அந்த வழியாப் போன குதிரைகள் துள்ளிக் குதித்தன. போலீஸ்காரர் மின்நிலையத்துக்கு ஓடிவந்தார்.

வீட்டுக்குள்ளும் பாடம் காத்திருந்தது. எடிசனுக்குப் பணம் போட்டவர்களில் ஒருவரான வங்கியாளர் ஜே.பி.மார்கன், தன் மாடிசன் அவென்யூ வீட்டுக்குத் தனி ஜெனரேட்டரே வைத்துக்கொண்டார். படிப்பறை மேஜை விளக்குக்காகக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஒயர் ஓட்டியிருந்தார்கள். அது ஷார்ட் ஆகி மேஜையும் விரிப்பும் கருகின. மார்கன் பின்வாங்கவில்லை, ஒயரிங்கை மாற்றிப் போடச் சொன்னார். மின்சாரத்தின் நல்ல நேரம்!

அளவுக்கு மீறி கரன்ட் ஓடினால் உருகி அறுந்துபோகும் ஃபியூஸ் கம்பிக்கு எடிசன் 1880-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். இன்றைய எம்.சி.பி. செய்வதும் அதே வேலையைத்தான். ஆனால் அது பிடிக்காத ஒன்று இருக்கு: லூஸ் ஜாயின்ட். ஒரு இணைப்பு தளர்ந்து அரை ஓம் தடை கூடிவிட்டது, அதில் 10 ஆம்பியர் ஓடுது என்று வைத்துக்கொள்வோம். 50 வாட் சூடு, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே. கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்ன் அளவு. கரன்ட் அளவோ 10 ஆம்பியரைத் தாண்டவில்லை, எனவே எம்.சி.பி. சும்மாவே இருக்கும். டேப் கருகி, பிளாஸ்டிக் உருகி, வாடை வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். தீப்பெட்டித் தொழில் நடக்கிற கோவில்பட்டி வட்டாரத்தில் ஒரு பொறி என்ன செய்யும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அதனால் ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாதீங்க. மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஸ்க்ரூ கனெக்டரோ, நெம்பித் திறக்கும் லிவர் கனெக்டரோ போட்டு, ஒயரை லேசாக இழுத்துப் பார்க்கணும். வெறும் செம்பு வெளியே தெரியக் கூடாது. ஜாயின்ட் பெட்டிக்குள் மட்டும்தான், பைப்புக்குள் கூடவே கூடாது. பெட்டிக்கு மூடி வேணும், அதன் மேல் பூச்சு பூசி மறைக்கவும் கூடாது. பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருந்தால் அதோடு செம்பை நேரடியா முறுக்கவே கூடாது. ரெண்டும் சேரும் இடம் அரித்துச் சூடாகும். இதையெல்லாம் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் செய்யட்டும். கேட்கவும் சரிபார்க்கவும் நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

எடிசன் நம்பியது 110 வோல்ட் டி.சி. கரன்ட்டை. வெஸ்டிங்ஹவுஸும் டெஸ்லாவும் கொண்டுவந்த ஏ.சி. ஆபத்தானது என்று மும்முரமாகப் பிரசாரம் செய்தார், தோற்றார். இதில் அவர் நடந்துகொண்ட விதம் அழகானதல்ல. 1892-ல் அவருடைய கம்பெனி தாம்சன்-ஹூஸ்டன் கம்பெனியோடு சேர்ந்து ஜெனரல் எலெக்ட்ரிக் ஆனபோது பெயரிலிருந்து 'எடிசன்' போய்விட்டது. 1931 அக்டோபர் 18-ல் காலமானார்.

அடுத்த வருஷமே நீலகிரியில் பைக்காரா நீர்மின்நிலையம் ஓட ஆரம்பித்தது. 1944-ல் பாபநாசம். தெற்குச் சீமைக்கு வந்தது எடிசன் எதிர்த்த ஏ.சி.தான், வீட்டுக்கு 230 வோல்ட். கரிசல்காட்டில் அதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. கோடையில் மண் வெடித்து எர்த் கம்பியை விட்டு விலகும், எர்த் வேலை செய்யாது. அதனால் சித்திரை, வைகாசியில் எர்த் குழிக்குத் தண்ணி ஊற்றணும்.