சத்துருவுக்குச் சாட்சி சொன்ன போர்ச்சேவகன்



நம்ம கரிசல் சீமையில் ஊமைத்துரை பெயரைக் கேளாத பிள்ளை உண்டா? ஆனால் அவரைப் பற்றிக் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர் யார் தெரியுமா? அவரை எதிர்த்துச் சண்டையிட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரிதான்! ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அந்தப் போர்ச்சேவகனுடைய ஜீவியத்தை இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

1775-ல் பிறந்த வெல்ஷ், மீசை முளைக்கிற வயசிலேயே கம்பெனியாரின் சென்னைப் படையில் சேர்ந்தார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கைச் சின்ன மருது. காலம் மாறியது. 1801-ல் அதே மருதுவுக்கு எதிராகப் போகிற படையிலேயே வெல்ஷ் இருந்தார்.

அந்த வருஷம் மே 24-ல் ஒட்டப்பிடாரம் பக்கத்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. காயப்பட்டுக் கிடந்த மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். அவனோ, என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கிற ஊமைத்துரையைக் காப்பாற்று என்று கெஞ்சினான். அவரைத் தூக்கிக்கொண்டுபோய், எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது வெள்ளைத் துணியால் மூடி, அம்மை வந்து செத்துட்டார் என்று பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் பயந்து ஓடிப்போனார்கள். இதையெல்லாம் மறைக்காமல் எழுதினவர் வெல்ஷ். எதிரிக்குப் புகழ் சேருமே என்று அவர் பேனா தயங்கவில்லை.

அந்த வருஷ முடிவுக்குள் மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது 15 வயசு. 1802-ல் எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றினார்கள். காவல் பொறுப்பிலிருந்த வெல்ஷ் அந்தப் பையனுடைய விலங்கின் பாரத்தைக் குறைத்தார். 1818-ல் பினாங்கில் அவனையே சந்தித்தபோது அடையாளம் தெரியவில்லை. வாலிபன் கிழவனாகிப் போயிருந்தான்! வெல்ஷின் உள்ளம் உடைந்தது.

நான் அவரைப் பரிசுத்தவான் என்று சொல்ல வரவில்லை. 1806-ல் பாளையங்கோட்டையில் சந்தேகத்தின் பேரிலேயே இஸ்லாமியச் சிப்பாய்களைக் கோட்டையை விட்டு வெளியேற்றினார். ராணுவ நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1809-ல் ஆரல்வாய்மொழி மலையில் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி அரணைப் பிடித்தவரும் அவரே. இந்தக் காலத்தில் கமாண்டோ என்கிறோமே, அந்த மாதிரி வேலை. 1830-ல் தம் போர் நினைவுகளை இரண்டு பாகமாக லண்டனில் வெளியிட்டார். ஐம்பது வருஷத்துக்கு மேல் சேவித்து, ஜெனரலாகி, 1861-ல் மரித்தார்.

பிரியமானவர்களே, சிலுவையடியில் நின்ற நூற்றுக்கு அதிபதியும் எதிர்ப்பக்கத்துப் போர்ச்சேவகன்தானே! அவன் வாயும் உண்மையைச் சாட்சியிட்டது. தன்னை வேட்டையாடின சவுலுக்காகத் தாவீது புலம்பினான். நம்ம நிலைமை என்ன? வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, சபைக்குள்ளேயே பேசாத முகங்கள். நம்மோடு வழக்காடுகிறவரிடத்தில் உள்ள ஒரு நன்மையை நாலு பேர் முன்னால் சொல்ல நம்ம நாவு எழும்புமா? எழும்பாவிட்டால் அந்நிய பாஷை பேசுகிற அந்த நாவை ஆண்டவர் இன்னும் தொடவேண்டியிருக்கிறது. இந்த வாரமே அந்த ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லுங்கள். எழுப்புதல் அங்கேதான் ஆரம்பிக்கும். ஆமென்.